மழையில் ரொக் இசைவிழா: திரும்பும் வழியை முதலில் யோசியுங்கள்

பதுளை மாவட்டத்துப் பெரகல சந்தியில் மூன்று வழிகள் பிரிகின்றன. ஏ4 வீதி மேற்கே ஹல்தும்முல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி என்று இறங்கிக் கொழும்புக்குப் போகிறது. அதே வீதி கிழக்கே கொஸ்லாந்தையைத் தாண்டி வெல்லவாயவுக்கு இறங்குகிறது. ஏ16 வீதி இங்கே தொடங்கி அப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலிஎல வரை செல்கிறது. கொழும்பில் மேடை போட்டாலும் பதுளையில் போட்டாலும், சுற்றியுள்ள தோட்டங்களின் இளைஞர்கள் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துத்தான் போய்வர வேண்டும். மூன்றுமே மலைச்சரிவை வெட்டிப் போட்ட வழிகள்.

அதனால் நமக்கு மழைநாள் இசைவிழா என்பது மைதானத்தில் நனைவதைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. நனைந்த உடம்பைத் துடைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில், மூடுபனிக்குள், மண் ஊறிய சரிவின் கீழே வீடு திரும்புவதுதான் பெரிய காரியம். இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி ஒன்றே: திரும்பி வருவதை முடிவு செய்த பிறகே போவதை முடிவு செய்யுங்கள்.

மழை என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. திறந்தவெளி ரொக் இசையும் மழையும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வருபவை. 1969 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஒரு பால்பண்ணை நிலத்தில் நடந்த வுட்ஸ்டொக் விழாவுக்கு நான்கு லட்சம் பேர் அளவில் திரண்டார்கள். ஞாயிறு பிற்பகல் ஜோ கொக்கர் பாடி முடித்ததும் இடிமழை கொட்டியது. நிகழ்ச்சி மணிக்கணக்கில் நின்றது. கடைசியாக வாசிக்க வேண்டிய ஜிமி ஹென்ட்ரிக்ஸ் திங்கள் காலையில்தான் மேடையேறினார். சேற்றில் காத்திருந்தவர்கள் கேட்ட அந்த வாசிப்பைத்தான் இன்றும் உலகம் பேசுகிறது.

நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தின் சீரோ பள்ளத்தாக்கில் 2012 முதல் இசைவிழா நடக்கிறது. அபத்தானி மக்களின் நெல்வயல்கள் சூழ்ந்த அந்த இடம் 1,500 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. விழா பெரும்பாலும் செப்டம்பர் இறுதியில், மழை இன்னும் ஓயாத நாட்களில் வருகிறது. மேடையை உள்ளூர் மூங்கிலால் கட்டுகிறார்கள். மலைப்பாதை, சேறு, குளிர், மழை எல்லாம் தெரிந்தே ஆட்கள் கம்பூட்ஸோடு வருகிறார்கள். ஆயத்தமாக வருகிறவர்களுக்கு மழை ஒரு தடையே இல்லை என்பதை ஒவ்வொரு வருடமும் அந்த விழா காட்டுகிறது.

நமக்கும் திறந்தவெளி இரவு புதிது அல்ல. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும்போது, தோட்டத்துச் சனம் கைக்குழந்தையோடு விடியவிடியத் திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கும். பனி இறங்கித் தப்பின் தோல் தளர்ந்தால் நெருப்பில் காய்ச்சி மறுபடி அடிப்பார்கள். குளிரையும் ஈரத்தையும் சமாளித்துக் கலையை ரசிக்கும் பழக்கம் நம்முடையது. மின்சாரம், பெருங்கூட்டம், தூரப் பயணம் ஆகிய மூன்றும் சேர்வதால் ரொக் விழாவுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. அவ்வளவுதான்.

எந்த மாதத்தில் என்ன மழை

மேடை போடுகிறவர்களின் நாட்காட்டியும் மழையின் நாட்காட்டியும் நம் பக்கத்தில் அடிக்கடி மோதிக்கொள்கின்றன.

மார்ச், ஏப்ரல்: காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் இடியுடன் மழை வரும். சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சிகள் இந்த நாட்களில்தான் வருகின்றன. இந்தப் பருவத்தில் பயப்பட வேண்டியது மின்னலுக்கு.

மே முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவம். மலைத்தொடர் மழையை மறுபக்கத்தில் தடுத்துவிடுவதால் பதுளை, பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஆனால் பெரகல, அப்புத்தளை மலைவிளிம்பில் இருப்பதால் கீழிருந்து ஏறும் காற்றும் மூடுபனியும் இங்கே அதிகம். கச்சான் காற்று கூடாரங்களையும் பதாகைகளையும் கிழிக்கும். பார்க்க வேண்டியது காற்றின் வேகத்தை.

ஒக்டோபர், நவம்பர்: மறுபடியும் பிற்பகல் இடிமழை. அதோடு வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் புயல்களும் சேரும். கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29 காலையில். டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியது 2025 நவம்பர் இறுதியில். இந்த இரண்டு மாதங்களில் வரும் எந்த அழைப்பையும் இருமுறை யோசித்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை: வடகீழ்ப் பருவமழை. நத்தார், வருடப்பிறப்பு, பொங்கல் நிகழ்ச்சிகளின் காலம். இடி குறைவு, ஆனால் நாள்கணக்கில் நிற்காத தூறலும் குளிரும் இருக்கும். இந்தப் பருவத்தில் உடம்புச் சூடு முக்கியம்.

டிக்கெட் வாங்கும் முன்

ஏற்பாட்டாளர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.

1. மழையால் ஒத்திவைத்தால் இதே டிக்கெட் செல்லுமா, பணம் திரும்பக் கிடைக்குமா?
2. மின்னல் வந்தால் சனத்தை எங்கே ஒதுக்குவார்கள்?
3. மைதானத்தில் வெளியேறும் வாசல்கள் எத்தனை?
4. வாகனம் நிறுத்துமிடம் தாரா, மண்ணா?
5. எத்தனை மணிக்கு முடியும், அதற்குப் பிறகு பஸ் உண்டா?

முதல் கேள்வி ஏன் என்பதற்குச் சென்னை ஒரு பாடம். ஏ.ஆர். ரஹ்மானின் மறக்குமா நெஞ்சம் நிகழ்ச்சி 2023 ஆகஸ்ட் 12 அன்று மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது. அன்று மழை இல்லை. ஆனால் கூட்டம் அளவுக்கு மீறியதால் டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். மழை ஓய்ந்த நாள் என்பதற்காக எல்லாம் சரியாகிவிடாது. மூன்றாவது கேள்விக்கு யாழ்ப்பாணம் பாடம். 2024 பெப்ரவரி 9 அன்று முற்றவெளியில் நடந்த ஹரிஹரன் இசைநிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளை மீறி உள்ளே புகுந்து பெருங்குழப்பம் ஏற்பட்டது. காய்ந்த தரையிலேயே அப்படியென்றால் சேற்றுத் தரையில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எச்சரிக்கையைப் படிப்பது எப்படி

முதல் நாள் இரவும் புறப்படும் நாள் காலையும் இரண்டு அறிவிப்புகளைப் பாருங்கள். ஒன்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை, மின்னல் முன்னறிவிப்பு. மற்றது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. இரண்டாவதைப் பலர் பார்ப்பதில்லை. நமக்கு அதுதான் முக்கியம். பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று நிறங்களில் அது வருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும்.

விழா நடக்கும் ஊரின் பெயரை மட்டும் தேடினால் போதாது. போகும் வழியில் உள்ள ஹல்தும்முல்லை, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல போன்ற பிரிவுகளையும் பாருங்கள். வழியில் எங்காவது செம்மஞ்சள் இருந்தால் அன்று இரவே திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். விழா நடக்கும் ஊரில் தெரிந்தவர் வீட்டில் தங்கிக் காலையில் வாருங்கள். சிவப்பு இருந்தால் பயணமே வேண்டாம். உங்கள் லயன் இருக்கும் இடத்துக்கே எச்சரிக்கை வந்திருந்தால், வீட்டில் வயதானவர்களையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போகாதீர்கள். அன்று அவர்களுக்கு உங்கள் கைகள் தேவைப்படும்.

உடுப்பு

பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். நூறு மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்கு மேல் குளிரும். ஆகவே பதுளை மைதானத்தில் ஆடி வியர்த்த அதே ஈரச்சட்டையோடு அப்புத்தளையைத் தொடும்போது நான்கைந்து பாகை குறைந்திருக்கும்; காற்றும் அடிக்கும். மைதானத்துக்காக அல்ல, திரும்பும் வழிக்காக உடுத்துங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். தடித்த பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். இரவு முழுக்கக் காயாது. விளையாட்டு வீரர்கள் அணியும் மெல்லிய பொலியெஸ்டர் காற்சட்டையும் சட்டையும் சீக்கிரம் காயும். அதற்குமேல் கம்பளி ஸ்வெட்டர். கம்பளி நூல் நனைந்தாலும் ஓரளவு சூட்டை விடாது. கொழுந்து மலைக்குப் போன நம் பாட்டிமார் அடைமழையிலும் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு நின்றதற்குக் காரணம் இருக்கிறது. தலையிலிருந்து முதுகு வரை மூடி, இடுப்பைச் சுற்றிப் படங்கைக் கட்டி, இரண்டு கைகளையும் வேலைக்கு விட்டுவைக்கும் அந்த முறையில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. இன்று அதே வேலையைத் தலைமூடியோடு கூடிய நீண்ட ரெயின்கோட் செய்யும்.

குடை கொண்டுபோகாதீர்கள். கூட்டத்தில் குடைக்கம்பி பக்கத்தில் நிற்பவரின் கண்ணைக் குத்தும். பின்னால் நிற்பவருக்கு மேடையை மறைக்கும். பல மைதானங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

காலுக்குப் பாட்டா செருப்பு கூடவே கூடாது. சேறு அதை முதல் பாட்டிலேயே இழுத்துக்கொள்ளும். பிறகு வெறுங்காலில் போத்தல் ஓடு குத்தும். பிடிமானமுள்ள பழைய சப்பாத்து, முழங்கால் வரை மேஸ், அல்லது கம்பூட்ஸ். தோட்டக் குறுக்குப்பாதையில் புல்லுக்குள் நடக்க வேண்டியிருந்தால் மேஸின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். அட்டை ஏறத் தயங்கும். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தைத் தள்ளிக் கழற்றிக் காயத்தைக் கழுவுங்கள்.

பை

சிறிய பையே போதும். ஆனால் இவை இருக்க வேண்டும்:

- மாற்றுச் சட்டை, மேஸ், துவாய்: இரண்டு பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டியது. இதைத் திரும்பும் பஸ்ஸில்தான் திறக்க வேண்டும்.
- டோர்ச். கைபேசி வெளிச்சத்தை நம்ப வேண்டாம். அந்தப் பற்றரி பேசுவதற்குத் தேவை.
- கைபேசிக்குப் பொலித்தீன் உறை, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க்.
- வீட்டு இலக்கம், நண்பர் ஒருவரின் இலக்கம், வாகனச் சாரதியின் இலக்கம் ஆகியவற்றைப் பேனையால் எழுதிய தாள், பொலித்தீனுக்குள்.
- தேசிய அடையாள அட்டை, சில்லறைப் பணம்.
- தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், தண்ணீர். பசியோடு நனைந்தால் குளிர் இரட்டிப்பாகத் தாக்கும்.
- தினமும் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு வேளைக்கு மேலதிகமாக; இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலர்.

மைதானத்தில்

உள்ளே போனதும் மேடையைப் பார்க்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: இரண்டு வாசல்கள், முதலுதவிக் கூடாரம், உறுதியான கூரையுள்ள கட்டடம். கூட்டமாக வந்தவர்கள் பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தைக் குறியுங்கள். மேடைக்கு அருகில் அது இருக்கக் கூடாது. தங்கச்சிமார், சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் ஆளுக்கொரு பெரியவர் பொறுப்பு என்று வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நிற்கும் இடம்: மைதானத்தின் பள்ளமான பகுதியைத் தவிருங்கள், தண்ணீரும் கூட்டமும் அங்கேதான் சேரும். மேடைக்கு நேர்முன்னால் நெருக்கும் பகுதியும் மழையில் ஆகாது. டென்மார்க்கின் ரொஸ்கில்டே விழாவில் 2000 ஜூன் 30 இரவு பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது, மழையில் வழுக்கிய தரையில் முன்வரிசையில் விழுந்தவர்கள் எழ முடியாமல் ஒன்பது பேர் இறந்தார்கள். நெஞ்சில் அழுத்தம் உணர்ந்தால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து வைத்துக்கொண்டு, அலை பின்வாங்கும்போது பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வாருங்கள். பக்கத்தில் ஒருவர் விழுந்தால் முதலில் அவரைத் தூக்குங்கள்.

ஒலிபெருக்கிக் கோபுரத்தின் அடியில் மழைக்கு ஒதுங்காதீர்கள். காது கெடும்; காற்றடித்தால் உயிருக்கே ஆபத்து. 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் புயல்காற்று மேடைக் கூரையைச் சரித்து ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து பெல்ஜியத்தின் புக்கல்பொப் விழாவிலும் புயல் ஐந்து பேரைக் கொன்றது. மேடைத் துணி படபடத்து, விளக்குச் சட்டங்கள் ஆடத் தொடங்கினால் உடனே விலகுங்கள். ஜெனரேட்டர் பக்கமும், தண்ணீரில் கிடக்கும் வயர்களின் பக்கமும் போக வேண்டாம். ஈரமான இரும்புத் தடுப்பில் சாய வேண்டாம்.

மின்னல்: மின்னலைக் கண்டதும் இடி கேட்கும்வரை செக்கன்களை எண்ணுங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அது உங்களையும் தொடலாம். கட்டடத்துக்குள் அல்லது மூடிய பஸ், வான், காருக்குள் போங்கள். கூடாரம், பக்கம் திறந்த ஆட்டோ, கொழுந்து மலையின் சவுக்கு மரம் எதுவும் காப்பாற்றாது. கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். 2016இல் ஜெர்மனியின் ரொக் அம் ரிங் விழாவில் மின்னல் தாக்கி எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விழாவே இடையில் கைவிடப்பட்டது. மின்னல் தாக்கியவரின் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. தயங்காமல் தொட்டு உதவுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கத் தொடங்கி, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.

குளிர்: நடுக்கம் நிற்காமல் தொடர்வது, நாக்குக் குழறுவது, விரல்கள் சொன்னபடி கேட்காமல் போவது ஆகியவை உடம்பு சூட்டை இழக்கும் அடையாளங்கள். ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, சீனி போட்ட சூடான பிளேன்டீ கொடுங்கள். சாராயம் சூடு தரும் என்பது தவறான நம்பிக்கை. அது தோலுக்கு இரத்தத்தைத் தள்ளி உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடுகிறது. குளிரில் நனைந்தவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

திரும்பும் வழி

சாரதி குடிக்கக் கூடாது. நிகழ்ச்சி நேரத்தில் வாகனத்தில் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும். இதை வாடகை பேசும்போதே சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரில் இறங்க வேண்டும். மூடுபனியில் ஹைபீம் வெளிச்சம் கண்ணுக்கே திருப்பி அடிக்கும்; லோபீம் போடச் சொல்லுங்கள். சாரதி வேகமாக ஓட்டினால் வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றவர்கள் சும்மா இருந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

வீதியில் கலங்கிய தண்ணீர் திடீரென்று பாய்ந்தால், மேலிருந்து சிறுகற்கள் உருண்டால், மரமோ தூணோ சாய்ந்திருந்தால், தாரில் புதுவெடிப்பு தெரிந்தால், வண்டியை அந்த இடத்துக்குள் விடாதீர்கள். பின்னோக்கி எடுத்துக் கடைவீதி, கோயில், பாடசாலை என்று சனம் உள்ள உறுதியான இடத்தில் நிறுத்துங்கள். 117 இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் 119இல் பொலிஸுக்கும் சொல்லுங்கள். புகையிரதத்தில் திரும்ப நினைப்பவர்கள் முதல் நாளே நிலையத்தில் விசாரியுங்கள்; மழைக்காலத்தில் மலையகப் பாதை திடீரென்று மூடப்படும்.

வீடு வந்த பிறகு

சேற்றில் நின்ற கால்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடையுங்கள். வெட்டுக்காயம் இருந்தால் மருந்து கட்டி, ஏற்பூசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றுத் தண்ணீரில் நின்றதைச் சொல்லுங்கள். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சுகமாக்கலாம். பிந்தினால் சிறுநீரகத்தைத் தாக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. 2023இல் ஜெர்மனியின் வாக்கன் விழா, சேறு மிஞ்சியதும் ஏறக்குறைய 50,000 பேரோடு வாசலை மூடி, வந்துகொண்டிருந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது கசப்பான முடிவு. ஆனாலும் சரியான முடிவு. அதே உறுதி உங்களுக்கும் வேண்டும். வழி பாதுகாப்பாக இருந்தால் எவ்வளவு மழை கொட்டினாலும் போங்கள், நனையுங்கள், தொண்டை கிழியப் பாடுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அந்தச் சந்தோஷத்தில் முழு உரிமை உண்டு. வழி பாதுகாப்பாக இல்லையென்றால் டிக்கெட் காசு போனாலும் போகட்டும், வீட்டில் இருங்கள்.